பாத்தேனாவின் இடது முழங்கால்

ஜால் எடுல்ஜி பாத்தேனா பெர்ன்ஹில்லில் பங்களாவைக் கிரயம் செய்த 2016 மார்ச் மாதம், மாயாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பதினேழு பாறு கழுகுகள் மேலேறி வந்து அதன் கூரை முகட்டில் உட்கார்ந்தன. ஏழு வருடம் அவை இறங்கவில்லை. எதையும் தின்று யாரும் பார்க்கவில்லை. கூரையை அசுத்தம் செய்யவும் இல்லை. வனத்துறையினர் வந்து எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், இந்தக் குளிரில் இந்தப் பறவைகள் தங்குவதில்லை என்று அறிக்கை எழுதினார்கள். பறவைகள் இருந்தன. முதல் சீசனில் டாக்ஸிக்காரர்கள் பயணிகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். பார்த்துவிட்டுப் போன குடும்பங்கள் மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றதால் ஓட்டல்காரர்கள் முறையிட்டு, இரண்டாவது சீசனில் அது நின்றது. பங்களாவின் மேற்குக் கோடியில் பாத்தேனா படுக்கும் அறை. பதினேழும் அந்தப் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தன.

பாத்தேனா பம்பாய்ப் பார்சி. அப்போது எழுபத்தாறு வயது. பதினொரு நகரங்களில் கட்டடம் எழுப்பியவர்; பிறகு கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, கட்டுகிறவர்களிடம் முதலீடு செய்தார். குன்னூரில் நான்கு மாடி ஓட்டலும் கோயம்புத்தூரில் இரண்டு அடுக்ககங்களும் அவர் கட்டியவை. இளவயதில் இசக்கிமுத்து என்ற திருநெல்வேலிக் கொத்தனாரிடம் தமிழ் கற்றிருந்தார். அதனால் வங்கி மேலாளரிடமும் சாரத்தின் மேல் நிற்கிறவரைப் போலத்தான் பேசினார். பார்சிகள் வழக்கத்தில் இறந்த உடலால் மண்ணையோ நெருப்பையோ தீட்டாக்கக் கூடாது. கூரையில்லாத வட்டச் சுவருக்குள் வானத்துக்குத் திறந்து வைப்பார்கள். அதற்குத் தொக்மா என்று பெயர். முன்பெல்லாம் கழுகுகள் அரை மணியில் தின்று முடித்துவிடும். பம்பாயில் கழுகுகள் இல்லாமல் போய் வெகு காலமாயிற்று. மனைவி கோர்ஷெத்தை அங்கே வைத்துப் பதினான்கு மாதம் ஆன பிறகு, தூக்கிச் சென்றவர்களில் ஒருவன் அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னான். அவர் அடுத்த வாரம் நீலகிரியில் இடம் பார்க்கச் சொன்னார். ஊட்டியில் பார்சிகளுக்குச் சிறிய இடுகாடு ஒன்று உண்டு, அங்கே இடமும் இருந்தது. ஐம்பது வருடம் அஸ்திவாரம் தோண்டியவனுக்கு மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும், வேண்டாம் என்றுவிட்டார். பங்களாவுக்கு மேலே குன்றின் உச்சியில், தானே பக்கத்தில் நின்று, கருங்கல்லில் ஒரு வட்டச் சுவர் எழுப்பினார். வரைபடத்தில் அது மழைநீர்த் தொட்டி. அளக்க வந்த அதிகாரி உள்ளே இறங்கிப் பார்த்து, இதில் தண்ணீர் நிற்காதே என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தொன்றாம் வயதில் சாரம் சரிந்து விழுந்ததில் பாத்தேனாவின் இடது முழங்கால் நொறுங்கியிருந்தது. அன்று முதல் காலையும் மாலையும் ஒரு வலி மாத்திரை. 2019-இல் கழுகுகளைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் வெற்றிச்செல்வன், இந்தப் பறவைகள் நாட்டில் எப்படி அழிந்தன என்று அவருக்கு விளக்கினார். மாட்டுக்கு வலிக்காகப் போட்ட மருந்து. அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பறவையின் சிறுநீரகம் நின்றுவிடும். பாத்தேனா தலையணைக்கு அடியிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் அதன் பெயரைப் படித்தார். பிறகு சன்னலைப் பார்த்தபடி, உங்களைத் தின்றால் பதினேழும் செத்துவிடும் என்றார். அன்று மாலை பாத்தேனா மாத்திரையை நிறுத்தினார்.

நாற்பத்தெட்டு வருட வலி ஒரு முழங்காலில் கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் அது அவர் கட்டிய கட்டடங்களுக்குப் போயிற்று. முதலில் குன்னூர் ஓட்டலில் தங்கியிருந்தவர்கள் இடது காலை இழுத்துக்கொண்டு காலை உணவுக்கு இறங்கினார்கள். அதே வாரம் கோவை அடுக்ககங்களில் எல்லா வீடுகளிலும் இடது முழங்கால் வலித்தது. எலும்பு மருத்துவர்கள் படம் எடுத்தார்கள், முழங்கால்களில் ஒன்றும் இல்லை. கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் சிலருக்குக் குறைந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அங்கே தூங்கியவர்களை எங்கே போனாலும் விடவில்லை. பூனைகள் நொண்டின. சுவர்களில் விரிசல் எதுவும் இல்லை, ஆனால் காதை வைத்தால் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது கேட்டது. மேலாளர்கள் போன் செய்தார்கள். பாத்தேனா எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டுக்கொண்டு, சரி என்று வைத்தார். தன் காலும் வலித்தது. மாத்திரை எடுக்கவில்லை.

அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சசிரேகா சேரம்பாடிக்காரி. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். பாத்தேனாவைத் தொரை என்று கூப்பிட்டாள். அவள் தங்கை சுகந்தி குன்னூர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்தாள், அங்கேயே கீழ்த்தளத்தில் படுத்தாள். நான்கு வருடத்தில் சுகந்தி முதலில் நொண்டினாள், பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள், 2023 மே மாதம் தவழ்ந்துபோய்க் குளியலறைகளைக் கழுவினாள். சசிரேகா பாத்தேனாவின் கட்டிலருகே நின்றாள்.

“ஒரே ஒரு மாத்திர போடுங்க தொரை. தங்கச்சிக்கு எந்திரிக்க ஏலல.”

“எங்க வீட்டம்மா இன்னும் அங்கதான் கெடக்கா, தாயி,” என்றார் பாத்தேனா. “நான் அப்படிக் கெடக்க மாட்டேன்.”

அவள் ஊட்டி பஜாரில் ஹபீப் முகமதுவின் மருந்துக்கடைக்குப் போனாள். ஹபீப் முகமது அவள் நீட்டிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாலு வருசத்துக்கு முந்தின சீட்டுங்க இது. ஏனுங்க, பெரியவருக்கு மட்டுந்தானா, கூரை மேல இருக்கறவங்களுக்கும் சேர்த்துங்களா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். அவருடைய மகள் ஷமா வாக்கப்பட்டுப் போனது கோவையில் பாத்தேனாவின் அடுக்ககத்துக்கு. பணம் வாங்காமல் மூன்று அட்டை கொடுத்தார்.

பாத்தேனா காலையில் புதினாவும் எலுமிச்சைப் புல்லும் போட்ட டீ குடிப்பார். சசிரேகா மாத்திரையைப் பொடித்து அதில் கலந்தாள். மாலையிலும் கலந்தாள். மூன்றாம் நாள் காலை எல்லாக் கட்டடங்களிலும் வலி ஒரே நேரத்தில் நின்றது. பூனைகள் ஓடின. சுகந்தி நான்கு மாடியும் சுவரைத் தொடாமல் ஏறிப்போய் அங்கிருந்து போன் செய்தாள். பாத்தேனா போர்வையை விலக்கி முழங்காலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.

“பாத்தியா தாயி,” என்றார். “அதுக என்னைய எடுக்க ஆரம்பிச்சிட்டு. மொதல்ல வலிய எடுத்திட்டு.”

அதன் பிறகு அவர் மகிழ்ச்சியாக இருந்தார். தோட்டத்தில் நடந்தார், கொத்தனார்களின் கெட்ட வார்த்தைகளில் பாட்டுக் கட்டிப் பாடினார். ஆனால் அந்தக் காலையிலேயே கூரை மேலிருந்த பதினேழும் திரும்பிவிட்டன. மேற்கு அறைக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து உட்கார்ந்தன. பாத்தேனாவுக்குப் பார்வை மங்கல். எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. சசிரேகாவுக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை, டீயையும் நிறுத்தவில்லை. இருபத்தோராம் நாள் அந்த டீயைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தவர் இறந்துபோனார்.

பம்பாயிலிருந்து அவருடைய அண்ணன் மகன் பெஹ்ராம் வந்தார். கூடவே உடல் தூக்குகிற இரண்டு பேர். வழக்கப்படி ஒரு நாயைக் கொண்டுவந்து இறந்தவரின் முகத்தைக் காட்டினார்கள். பிறகு வெள்ளைத் துணியில் குன்றின் மேல் ஏற்றி, வட்டச் சுவருக்குள் வைத்துவிட்டு இறங்கினார்கள். ஏழு வருடத்தில் முதல் முறையாகக் கழுகுகள் கூரையை விட்டு எழுந்தன. குன்றை மூன்று முறை சுற்றின. சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்தன, வெளியே பார்த்து.

மூன்று நாள் அப்படியே இருந்தன. மழை வலுத்தது. பெஹ்ராம் இடுகாட்டில் குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். கால்நடை மருத்துவர் வெற்றிச்செல்வனும் அங்கே இருந்தார். சசிரேகா அவரிடம், நான் சொல்வதை இவருக்கு இந்தியில் சொல்லுங்கள் என்றாள்.

“நாந்தான் டீல கலந்து குடுத்தேன். தொரைக்குத் தெரியாது. அந்த மருந்து ஒடம்புல இருக்குற வரைக்கும் இதுங்க உள்ள பாக்காது.”

பெஹ்ராம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். செத்த உடலிலிருந்து மருந்து போகாது, எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை என்றார் மருத்துவர்.

“போகும்,” என்றாள் சசிரேகா. “போனா எனக்குத் தெரியும். என் தங்கச்சிக்கு வலிக்கும்.”

மருத்துவர் அதையும் மொழிபெயர்த்தார். பெஹ்ராம் அவளைத் திட்டவில்லை. குழி வெட்டப் போனவர்களைத் திரும்பி வரச் சொன்னார்.

தென்மேற்கு மழை குன்றின் மேல் இருபத்தேழு நாள் பெய்தது. உடல் கெடவில்லை. துணி மட்டும் கொஞ்சம் பழுப்பானது. கழுகுகள் நனைந்தபடி வெளியே பார்த்திருந்தன. சசிரேகா தினமும் காலை ஆறு மணிக்குக் குன்னூருக்குப் போன் செய்தாள். கால் எப்படி என்று கேட்பாள், வேறு எதுவும் கேட்க மாட்டாள். நன்றாக இருக்கிறது என்று தங்கை சொல்வாள். வைத்துவிட்டுச் சசிரேகா குன்றைப் பார்ப்பாள். தொரை போக வேண்டும், தங்கை நடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவளுக்குத் தெரியும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் வேண்டிக்கொள்வதையே விட்டாள். இருபதாம் நாள் சுகந்தி, ஓட்டல் சமையல்காரர் முத்துராஜோடு பர்லியார் பழத்தோட்டம்வரை போய் மங்குஸ்தான் பழம் வாங்கிவந்ததாகச் சொன்னாள். தோட்டம் முழுக்கச் சுற்றினார்களாம்.

“நீ என்னக்கா, தெனமும் காலப் பத்தியே கேக்குற? கண்ணு வச்சிராத.”

இருபத்தெட்டாம் நாள் மழை விட்டிருந்தது. ஆறு மணிக்கு முன்பே போன் அடித்தது.

“அக்கா,” என்றாள் சுகந்தி. “வந்துருச்சு.”

சசிரேகா எங்கே என்று கேட்கவில்லை. எதையாவது பிடித்து உட்கார் என்றாள். பிறகு போனை வைத்துவிட்டுப் பெஹ்ராமை எழுப்பினாள். அவர்கள் பாதி வழி ஏறியபோது சுவரின் மேல் பறவைகள் இல்லை. உள்ளே இறக்கைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெஹ்ராம் கைகூப்பி நின்றார். சசிரேகா தரையைப் பார்த்தாள். அரை மணியில் பதினேழும் மேலே எழுந்து, கனத்துப்போய்த் தாழ்வாகப் பறந்து, மாயாற்றுப் பக்கம் இறங்கின. வெற்றிச்செல்வன் மூன்று வாரம் அவற்றின் பின்னால் அலைந்தார். ஒன்றும் சாகவில்லை.

வலி கட்டடங்களில் தங்கிவிட்டது. மாத்திரை கொடுத்து நிறுத்த இப்போது பாத்தேனா இல்லை. பெஹ்ராம் எல்லாவற்றையும் விற்றார். வாங்கியவர்கள் தெரிந்தேதான் வாங்கினார்கள். கோவையில் வாடகை பாதியாயிற்று, அதனால் வீடுகள் காலியாக இல்லை. ஹபீப் முகமது மகளை ஊட்டிக்கு அழைத்தார். எங்கே போனாலும் இதே கால்தானே என்று ஷமா வரவில்லை. குன்னூர் ஓட்டலில் படிக்கட்டுகளின் இடப்பக்கம் பித்தளைக் கைப்பிடி வைத்தார்கள். ஆவணியில் சுகந்திக்கும் முத்துராஜுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் ஒரே காலை இழுப்பதால் நடை ஒத்துப்போகிறது என்று சுகந்தி சொன்னாள். சசிரேகா தங்கையிடம் எதையும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் ஓட்டல் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்து, கீழ்த்தளத்தில் படுக்கை கேட்டாள். மேலாளர், தெரியுமில்லையா என்று கேட்டார். தெரியும் என்றாள். ஐப்பசி பிறப்பதற்குள் அவளுக்கும் வந்தது.