சத்தம் நிற்கட்டும்

சட்டைக்குள் கை நுழைய மறுத்தது. இடது கை ஒருவழியாக இறங்கிவிட்டது. வலது கை முழங்கையில் மடங்கி விறைத்து, செத்த பிறகும் யாரோடோ மல்லுக்கு நிற்பது போல இருந்தது.

"இழுக்காதடி, வலிக்கும்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முதுகுத் தையலப் பிரிச்சா போட்டுடலாம்மா. கத்திரி எங்க?"

"இந்த வீட்டுல கத்திரி ஏது?"

தம்பிக்குப் புத்தி பிசகிய நாளிலிருந்து கத்திரி மட்டுமல்ல, கத்தி இல்லை, பிளேடு இல்லை, கண்ணாடி டம்ளர்கூட இல்லை. வெங்காயத்தை நசுக்கித்தான் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. இப்போது சட்டையை வாயில் கவ்வி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பெரியவள் தம்பியின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்ல கனம். இருவருமாகச் சட்டையை முன்பக்கமாகப் போர்த்தி, ஓரத்தை முதுகுக்கு அடியில் செருகினார்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ராத்திரி வலிப்பு வந்திருக்கிறது. காலையில் அம்மா பார்த்தபோது உடம்பு ஜில்லிட்டுக் கிடந்திருக்கிறது. தகவல் வந்ததும் பெரியவள் துணிக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் மனசில் ஓடியது ஒன்றுதான். எல்லாம் முடிந்ததும் அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். முன்னே ஒருமுறை கூப்பிட்டுத் தோற்றவள் அவள். தம்பி ஸ்டூலை வீசி அவள் தோளெலும்பை உடைத்த அன்று, "நானா அவனா, சொல்லும்மா" என்று அழுதுகொண்டே கேட்டாள். "நீ போயிடு" என்றாள் அம்மா. அந்த இரண்டு வார்த்தையைப் பெரியவள் கல்யாணத்துக்கும் சுமந்துகொண்டு போனாள், பிரசவத்துக்கும் சுமந்துகொண்டு போனாள்.

வாசலில் நின்ற மேஸ்திரி தலையை உள்ளே நீட்டினார். அவரிடம்தான் அம்மா சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமக்கிறாள். துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாத மனுஷன். செங்கல் வைத்து அடைத்திருந்த ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"உங்கம்மா வச்ச கட்டும்மா இது. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன், நூல் பிசகல. அன்னைக்கே கொத்தனார் கரண்டியக் கையில குடுத்திருக்கணும். குடுத்துட்டா அப்புறம் எனக்குக் கலவை போட யாரு வருவா?"

யாரும் சிரிக்கவில்லை. "வண்டிக்காரன் சந்து தெரியாமச் சுத்துவான், நான் முக்குல போய் நிக்கிறேன்" என்று படியிறங்கிவிட்டார்.

"அம்மா, இன்னைக்கே என்கூட வந்துடு" என்றாள் பெரியவள்.

"வந்து?"

"வந்து என்ன? சும்மா இரு. சாப்பிடு, தூங்கு."

"சும்மா இருக்கிறதும் ஒரு வேலைதான். எனக்கு வராது."

"உன் மாப்பிள்ளகிட்டக்கூடப் பேசிட்டேன்."

"நீ காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. டீ போட்டுட்டு வர்றேன்."

முட்டியில் கையூன்றி எழுந்து வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கூடவே இரும்பு இரும்போடு உரசி இறங்கும் சத்தம்.

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உள்பக்கம் பிடியும் இல்லை, தாழும் இல்லை.

"அம்மா, தாழ்ப்பாளப் போட்டுட்ட. தொற."

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. தட்டினாள். உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டினாள். வெளிச்சம் வராத அறை; பின்னால் தம்பி கிடக்கிறான். இரண்டு கையாலும் குத்தினாள், காலால் உதைத்தாள். "தொறம்மா! தொறன்னா தொற!" என்று கத்தியபோது அது தன் குரல் மாதிரியே இல்லை.

கதவுக்கு வெகு அருகில் அம்மா பேசினாள். கோபமில்லை, பதற்றமில்லை. ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"சத்தம் நிக்கட்டும்ப்பா. நின்னாத்தான் தொறப்பேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. இது தனக்குச் சொன்னதில்லை, தம்பிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியது என்பது மெல்ல மெல்லத்தான் பெரியவளுக்கு எட்டியது. 'நான்தாம்மா' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குரல் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது.

கதவின் மறுபக்கம் ஏதோ உரசிக்கொண்டு கீழே இறங்கியது. அம்மா கதவில் முதுகைச் சாய்த்து உட்காருகிறாள். முட்டி சொடுக்குவதும், நீளமாக ஒரு மூச்சு விடுவதும் கேட்டன.

அப்போதுதான் பார்த்தாள். கதவின் உள்பக்கம் பெயிண்ட் உரிந்திருந்தது; ஆனால் கை தட்டுகிற உயரத்தில் இல்லை. கீழே, ஒரு ஆள் உட்கார்ந்தால் முதுகும் தலையும் படுகிற இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. எத்தனை ராத்திரி இப்படி இவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

பெரியவள் அங்கேயே உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சு விடுவது முதுகில் தெரிந்தது. தம்பியின் பாதம் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்தாள். வந்த அழுகையையும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது. பெரியவள் நகர்ந்து கதவைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். அம்மா தட்டில் டம்ளரை வைத்துத் தரையோடு தள்ளினாள். தட்டு மகளின் காலில் இடித்து நின்றது. குனிந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளைப் பார்த்தாள், படுத்திருப்பவனைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"நீயாடி தட்டின?"

"ஆமாம்மா."

"ரொம்ப நேரமாவா?"

"இல்ல. கொஞ்ச நேரந்தான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு உன்னைப் போகச் சொன்னேன்ல, அதுக்கப்புறம் உன்னைப் பத்தி எனக்குப் பயமில்லாம இருந்துச்சு. ஒருத்திய நினைச்சாவது பயப்படாம இருக்கணும்னு..." டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குடி. சித்த நேரம் சாயட்டுமா?"

"படும்மா."

"நீ முழிச்சிருப்பல்ல?"

"முழிச்சிருக்கேன்."

மகன் பக்கத்திலேயே, வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். படுத்த வேகத்தில் வாய் திறந்துகொண்டது.

கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. பெரியவள் அடிமேல் அடி வைத்து வெளியே வந்தாள். மேஸ்திரி பாதிப் படி ஏறியிருந்தார்.

"ஆளுங்கள மேல அனுப்பவாம்மா?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கண்ணே."

"யாராச்சும் வரணுமா?"

"இல்ல. அம்மா தூங்குது."

மேஸ்திரி அவளைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அணைந்தது. அம்மாவின் குறட்டை மாடிப்படி வரைக்கும் கேட்டது.