கோழிகள் தின்ற சிறுகோள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சிறுகோள் ஆராய்ச்சி நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டபோது பெங்களூர் ஆய்வகத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். தனப்பிரியாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு பஸ் ஏறி நாமக்கல்லுக்கு வந்துவிட்டாள். காற்று புகாத பெரிய இரும்புத் தொட்டி ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. பெங்களூரில் எட்டு மாதம் ஆகும் என்றார்கள். இங்கே பால் டேங்கர் செய்யும் மயில்சாமி, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்தொம்பது நாள்ல முடிச்சிரலாமுங்க" என்றார். முடித்தும் கொடுத்தார்.

தனப்பிரியாவுக்கு முப்பத்தாறு வயது. திருச்செங்கோட்டுக்காரி. அப்பாவுக்கு ரிக் வண்டித் தொழில். சத்தீஸ்கர், ஒரிசா என்று போய் ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீர் தேடுகிற வீட்டில் பிறந்தவள், சேலத்தில் நிலவியல் படித்து, வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சிறுகோள்களில் இருந்து பிளாட்டினம் எடுத்து வரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி அது. இரண்டே வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டி, நன்றி சொல்லி, இழுத்து மூடிவிட்டார்கள். கேக் நன்றாக இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வாள்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் அவளுக்கு ஒன்று தெளிவானது. வானத்தில் இருந்து பிளாட்டினத்தைக் கீழே கொண்டு வருவது நடக்கிற காரியமில்லை. அங்கேயே பயன்படக்கூடிய பொருளுக்குத்தான் அங்கே மதிப்பு. அது தண்ணீர். சில சிறுகோள்களின் கல்லுக்குள் தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது. சூடாக்கினால் ஆவியாகி வெளியே வரும். அதே வகைக் கல் சேலத்துக்கு வடக்கே, வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிப் பச்சையாகக் கிடக்கிறது. படிக்கிற காலத்தில் அவள் சுத்தியலால் தட்டிப் பார்த்த கல்தான்.

அந்தக் கல்லில் இரண்டு டன் எடுத்து, நாமக்கல்லுக்கு வெளியே ஒரு மில்லில் கொடுத்து அரைத்தாள். நாற்பது மூட்டை மாவு வியாழக்கிழமை பட்டறைக்கு வந்து இறங்கியது. அடுத்த புதன்கிழமை பெங்களூரில் இருந்து மூன்று பேர் கொண்ட குழு வருவதாக இருந்தது. கல்லில் இருந்து தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆராய்ச்சி தொடரும். பார்க்காவிட்டால் தொட்டியை மயில்சாமியே பாலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை ஒத்திகை பார்த்தார்கள். நூறு கிராம் மாவைத் தொட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, எண்ணூற்றைம்பது டிகிரிக்குச் சூடேற்றினாள். ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கண்ணாடிக் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. குடுவை காய்ந்தே இருந்தது.

அடுப்பு ஆறியதும் மாவை எடுத்து எடை போட்டாள். ஐம்பத்தாறு கிராம்தான் மிஞ்சியிருந்தது.

"மீதி எங்கீங்க போச்சு?" என்றார் மயில்சாமி.

"அதான் தெரியலைங்கண்ணா. பன்னெண்டு கிராம் கொறையணும். அத்தனையும் தண்ணியா வரணும். இது நாப்பத்து நாலு கொறைஞ்சிருக்கு, ஒரு சொட்டும் வரலை."

ஒரு நிமிடம் அவளுக்குள் ஆசை எட்டிப் பார்த்தது. யாரும் காணாத எதையோ கண்டுவிட்டோமோ? அடுத்த நிமிடம் ஓட்டை என்று தோன்றியது. ஆவியைப் பம்பு உறிஞ்சியிருக்கும். மயில்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. தன் வெல்டிங்கில் ஓட்டை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டு ஆட்களைக் கூட்டி வந்து, தொட்டிக்குள் காற்றை அடைத்து, பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தார். எங்கும் ஒரு குமிழி கூட வரவில்லை.

மத்தியானம் பட்டறை வாசலில் டீ குடிக்கும்போதும் தனப்பிரியாவின் தலைக்குள் அந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பத்து நாலு. எங்கேயோ படித்த எண். எங்கே? டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பையில் இருந்த அமிலப் புட்டியை எடுத்து மாவின் மேல் இரண்டு சொட்டு விட்டாள். மாவு சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது.

அது சுண்ணாம்புக்கல். காளவாயில் சுடும்போது நூற்றுக்கு நாற்பத்து நாலு பங்கு காற்றாகப் போய்விடும் என்று கல்லூரி முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். மூட்டை வந்த அன்றே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்யாமல் விட்டிருக்கிறாள். அரைத்துவிட்டால் இரண்டு கல்லும் ஒரே வெளிறிய சாம்பல் நிறம்தான். பெரிய விஞ்ஞானியான தன்னை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

மில்லுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அன்னைக்கு ஒரே வண்டியில ரெண்டு லோடு போச்சுங்க. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு சௌந்திரம்மா கோழிப் பண்ணைக்கு. தீவனத்துல கலக்கற கல்லுத்தூள்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. முட்டை ஓடு கெட்டிப்படக் கோழிக்குச் சுண்ணாம்புக்கல் தூள் போடுவார்கள். அப்படியானால் நான்கு நாளாக அந்தக் கோழிகள் தின்றுகொண்டிருப்பது அவளுடைய கல்லை. அதில் நிக்கல் உண்டு, குரோமியம் உண்டு. கோழியின் வயிற்றில் கரையாமல் வெளியே போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் நினைப்பதும் தெரிவதும் ஒன்றில்லையே.

பேசாமல் வேறு கல் அரைத்துக்கொள்ளலாம், மில்காரரும் வாய் திறக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. இருந்தாலும் மயில்சாமியின் வண்டியை வாங்கிக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பினாள்.

சௌந்திரம் ஐம்பது வயதுப் பெண்மணி. நாற்பதாயிரம் கோழிகள் உள்ள பண்ணையைத் தனியாளாக நிர்வகிப்பவர். தனப்பிரியா போய் இறங்கியபோது ஒரு முட்டையை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். லேசாக அழுத்தியதுமே உடைந்து மஞ்சள் கரு கையில் வழிந்தது.

"நேத்திருந்து தோல்முட்டையா வருது" என்றார், வந்தவள் யாரென்று கூடக் கேட்காமல். "டாக்டரு நோயின்னு மருந்து எழுதிட்டுப் போயிருக்காரு. நீ மருந்துக் கம்பெனியா அம்மிணி?"

"இல்லைங்கக்கா. உங்க கோழிக்கு நோய் ஒண்ணுமில்லை. என்னோட கல்லைத் தின்னுட்டிருக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. வானத்துத் தண்ணீர் ஆராய்ச்சி, புதன்கிழமைச் சோதனை, எந்த வண்டி, எந்த மூட்டை, தான் எந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டாள், கல்லில் என்னென்ன இருக்கிறது என்பது வரை. சௌந்திரத்தின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"வெள்ளிக்கிழமைக்கப்புறம் இட்ட முட்டை பூராம் அந்தா அடுக்கிக் கெடக்குது. ஒண்ணே கால் லட்சம். காலையில கேரளாவுக்கு லாரி வருது. இப்ப வந்து சொல்றியே!"

"அதுக்குத்தானுங்க ஓடி வந்தேன். சோதிச்சுப் பாக்காம அந்த முட்டை போகக் கூடாது."

சௌந்திரம் கொஞ்ச நேரம் மில்காரரைத் திட்டினார். அப்புறம் இவளைத் திட்டினார். பிறகு போனை எடுத்து லாரியை நிறுத்தினார். வேலையாட்களைக் கூப்பிட்டுத் தீவனத்தை மாற்றச் சொன்னார். இருபது முட்டையை எண்ணி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். இதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார் கடைசியில். "நோயின்னுதான நெனச்சிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமேங்கக்கா."

சௌந்திரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு மூட்டை பிரிக்காம இருக்குது. எடுத்துட்டுப் போ. எதுக்கு இந்தக் கல்லுன்னு சொன்னே? வானத்துல தண்ணியா? புதங்கெழமை நானும் வாரேன். என்ற கோழி தின்னது என்னன்னு நான் பாக்கோணும்."

சொன்னபடியே புதன்கிழமை வந்துவிட்டார், குழுவினருக்கும் முன்னால், பட்டுச் சேலையில்.

சோதனை தொடங்குவதற்கு முன்பே தனப்பிரியா மூட்டை மாறிய கதையைக் குழுவிடம் சொன்னாள். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவர் முகத்தைச் சுளித்துக் குறித்துக்கொண்டார். மூன்றாமவர், வயதான பேராசிரியை, நாற்காலியைக் குடுவைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடத்தில் கண்ணாடி மங்கியது. அப்புறம் ஒரு புள்ளி தோன்றி, பெருத்து, ஓடி விழுந்தது. அடுத்த சொட்டு விழும்போது மயில்சாமி தன்னை மறந்து கை தட்டிவிட்டார்.

"சரி, தண்ணி வருது" என்றார் சௌந்திரம். "அங்க குடிக்க ஆருமே இல்லையே?"

"குடிக்கறதுக்கு மட்டும் இல்லைங்கக்கா. தண்ணியைப் பிரிச்சா ராக்கெட்டுக்கு எரிபொருள். இங்கிருந்தே எல்லாத்தையும் சொமந்துட்டுப் போக வேண்டியதில்லை."

"லாரிக்கு வழியில டீசல் போடற மாதிரி."

"அதேதானுங்க."

குடுவையில் பதினோரு கிராம் சேர்ந்தது. பேராசிரியை அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அழகு. ஆனால் இங்கே சொட்டு கீழே விழுகிறது. சிறுகோளில் ஈர்ப்பு அநேகமாக இல்லையே. அங்கே எப்படி விழும்?"

தனப்பிரியா அதை யோசிக்காமல் இல்லை.

"விழாதுங்க" என்றாள். "ஒட்டிக்கிட்டு நிக்கும். முழுத் தொட்டியையும் சுத்த விட்டா ஓரத்துக்கு வரும்னு நினைக்கிறேன். செஞ்சு பாக்கலை."

மூன்று வருட நீட்டிப்பு கேட்டிருந்தாள். ஒரு வருடம் கொடுத்தார்கள். சுற்றும் தொட்டியைக் காட்டினால் மீதியைப் பேசலாம் என்று பேராசிரியை கை குலுக்கிவிட்டுக் கார் ஏறினார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் விஞ்ஞான வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான் என்ற நினைப்பு வர, வருத்தம் சாயங்காலம் வரை கூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. முட்டையில் கெடுதலாக ஒன்றும் இல்லை. ஓடு கெட்டியானதைத் தேர்ந்து அனுப்பிவிட்டு, மீதியை சௌந்திரம் பேக்கரிகளுக்குத் தள்ளிவிட்டார்.

அன்று மத்தியானம் தனப்பிரியா பட்டறைக்குள் நுழைந்தபோது மயில்சாமி இரண்டு பழைய லாரி ஆக்சிலைத் தரையில் போட்டு அளந்துகொண்டிருந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க மேடம், நிமிசத்துக்கு எத்தனை சுத்து வேணும்?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கணக்குப் போடக் காகிதம் தேடினாள்.