ஆறு ஓடிப்போன கதை

கணவரின் அடக்கம் முடிந்து வந்தவள் முன்னறையில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி நாற்காலியில் இருந்த பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் தன் தாய்பாஷையில் சொல்லிப் பதிவுசெய்த கதையை அனிமேஷன் படமாக வரைகிறவள். மடியில் கணினி.

“அண்ணி, இன்னிக்குக் கேட்கக் கூடாதுதான்.”

“கேளும்மா.”

“பன்னண்டு நிமிஷக் கதை. எட்டு நிமிஷத்துக்கு அண்ணன் அர்த்தம் சொல்லிட்டாரு. ஆறு கோவிச்சுக்கிட்டு ஓடிப்போகுது, நீர்நாய் தேடிப்போகுது. அதுவரைக்கும் வரைஞ்சாச்சு. மீதியை வியாழக்கிழமை சொல்றேன்னாரு.”

செவ்வாய்க்கிழமையே, ஓட்டிவந்த பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார்.

“அந்தப் பாஷை தெரிஞ்சவங்க வேற யாரும்…?”

“அவரு கூடப்பொறந்தவரு ஒருத்தரு இருந்தாரு. போன வருஷம் போயிட்டாரு.”

நாற்காலிகளைத் தூக்க வந்த மகன் குறுக்கே பேசினான். “என்னைப் பாக்காதீங்க. நாலு வயசுல அப்பா எனக்கு அந்தப் பாஷையைச் சொல்லித்தர ஆரம்பிச்சாரு. ‘வீட்ல எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க’ன்னு அம்மா ஒரு சத்தம் போட்டாங்க. அதோட சரி.”

“உங்களுக்கு எப்படி அண்ணி தெரியாம இருக்கும்? முப்பது வருஷம்!”

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வாசலில் மகனின் காலடி நின்றுவிட்டது.

“தெரியும்,” என்றாள். “நீர்நாய் நடையா நடக்குது. ஆறு கிடைக்கல. எங்க பாத்தாலும் மணல். அதுலயே படுத்துச் செத்துப்போகுது.”

“ஐயோ. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பெண் உடனே குனிந்து வரைந்தாள். திரையில் மணல் விரிந்தது. கூடவே பதிவிலிருந்த அவர் குரலையும் ஓடவிட்டாள். அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டு போனார். யாரையோ கூப்பிட்டார், கெஞ்சினார், அதட்டினார். பதினோராவது நிமிஷத்தில் கடகடவென்று சிரித்தார். இந்த வீட்டுக்குள் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை.

வரைந்த கை நின்றது. “அண்ணி, நீர்நாய் செத்த இடத்துல ஏன் சிரிக்கிறாரு?”

“அது… இருமல்மா. அவருக்கு அப்பப்ப வரும்.”

பெண் அவள் முகத்தையே பார்த்தாள். “சரிங்கண்ணி. வெட்டிடறேன்.”

திரையின் அடியில் அவர் குரல் பச்சைக் கோடாக, மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது. பெண் ஒருமுறை தட்டினாள். நடுவில் ஒரு துண்டு மறைந்து, இரண்டு முனைகளும் நகர்ந்துவந்து ஒட்டிக்கொண்டன. வெட்டின இடம் எது என்று தெரியவில்லை.