அமுதா கோத்த சொல்

கம்பி சுடுகிறது, உள்ளங்கை பொறுக்கிற அளவுக்குத்தான் சுடுகிறது, அப்பாவின் கை இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, இழும்மா இழு என்கிறார் டிரைவர், திலகவதி இழுக்கிறாள், இன்ஜின் கூவிய கூவலில் யார்டு முழுக்கப் புறாக்கள் எழும்புகின்றன, கரிப்புகை நாக்கில் வந்து உட்காருகிறது, இத்தனை வயதுக்குப் பிறகும் அப்படியே, தங்கை அமுதாவின் காரியம் முடிந்து ஜனங்கள் கலைந்துவிட்ட கூடத்தில், வெறும் பாயில் சாய்ந்திருக்கும்போதும் அந்தக் கம்பி கைக்கு வந்துவிடுகிறது, ஆனால் அது என் கை என்று சண்டைக்கு வர இப்போது ஆளில்லை.

அந்தச் சண்டை பொன்மலை ரயில்வே காலனியில், இருவரும் பாவாடை கட்டிய நாளிலேயே தொடங்கியது, ஏறினது நான்தான்டி, உனக்கு அப்ப கால் எட்டுமா என்பாள் திலகவதி, கால் எதுக்குக்கா எட்டணும், அப்பாதானே தூக்கினார் என்பாள் அமுதா. இங்கிலீஷ் பி.ஏ. படிக்கும்போதுதான் அமுதா நேராக அப்பாவிடமே நியாயம் கேட்டாள், சவர நுரை முகத்தோடு அப்பா சிரிக்க ஆரம்பித்தார், சின்ன வயதில் இருவருக்கும் அடுத்தடுத்து அம்மை போட்டதாம், ஒருத்திக்குத் தலைக்குத் தண்ணீர் விடுவதற்குள் மற்றவள் வேப்பிலையில் படுத்துவிட்டாளாம், சொறிந்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் கதையைச் சொல்வாராம், நீ ஏறின, நீ கம்பிய இழுத்த, புறா பறந்துச்சு என்று, எவள் படுத்திருக்கிறாளோ அவளையே இன்ஜினில் ஏற்றி. நெஜமா யாரைப்பா கூட்டிட்டுப் போனீங்க என்று கேட்டால், ஒருத்தியத்தான் கூட்டிட்டுப் போனேன், மத்தவ வீட்ல இருந்தா, யாருன்னு எனக்கே கலந்துபோச்சும்மா என்று மறு கன்னத்தை மழிக்கப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அமுதா அந்தச் சொல்லைக் கோத்தாள், நினைவுகொள்வதைச் சொல்லும் ரிமெம்பரின் தலையையும், ஒன்றைப் போலவே இருப்பதைச் சொல்லும் ரிசெம்பிளின் வாலையும் சேர்த்து, ரிமெம்பிள், நினைவு மாதிரியே இருக்கும்க்கா, நினைவுதானான்னு கேட்டா சொல்லத் தெரியாது. எந்த டிக்‌ஷனரியில இருக்கு அது என்றாள் திலகவதி, நம்ம வீட்டு டிக்‌ஷனரியில என்றாள். பிறகு கல்யாணமாகி ஆளுக்கொரு ஊர் போய், தீபாவளிக்குக் கூடி முறுக்குப் பிழிகிறபோதும், உன்னுது ரிமெம்பிள்க்கா, என்னுதுதான் அசல் என்று சீண்டுவாள், திலகவதி மாவுக் கையாலேயே அவள் முதுகில் ஒன்று வைப்பாள், அந்த மாவுத் தடம் அமுதாவின் நீலப் புடவையில் காய்ந்துகொண்டிருக்கிறது, இல்லை, அந்தப் புடவையை நேற்றுத்தான் யாருக்கோ எடுத்துக் கொடுத்தார்கள்.

அமுதாவின் மகள் வினோதினி தலைகூட வாராமல் வந்து பக்கத்தில் உட்காருகிறாள், பெரியம்மா, அம்மா இன்ஜின்ல ஏறினதச் சொல்லுங்களேன் என்கிறாள், ஆஸ்பத்திரியில கடைசியா அதத்தான் பேசிட்டிருந்தா, அக்காகிட்டக் கேட்டுப் பாரு, செத்தாலும் ஒத்துக்க மாட்டாள்னு சிரிச்சா.

அப்பாவின் கை தன் இடுப்பைச் சுற்றி இருந்ததாகத் திலகவதியிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அதைக் கொடுத்துவிட்டால் அப்பாவும் அந்தப் பக்கம் போய்விடுவார், கொடுக்காவிட்டால் ஜெயித்துவிடலாம், யாரை ஜெயிப்பது, எதிரில் அமுதாவின் அதே மூக்கோடு ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆமா, அவதான் ஏறினா, என்கிறாள்.

சொன்னதும் கம்பி கையைவிட்டுப் போகிறது, காலடியில் ஜல்லிக்கல் குத்துகிறது, அண்ணாந்து பார்க்கிறாள், இத்தனை பெரியதாகவா இருந்தது இன்ஜின், மேலே ஒரு சின்னப் பாவாடை, அதைச் சுற்றி அப்பாவின் கை, கூவல் எழும்புகிறது, புறாக்கள் அவள் தலைக்கு மேலாகப் போகின்றன, அப்ப நீங்க எங்க இருந்தீங்க பெரியம்மா என்று வினோதினி கேட்கிறாள், கீழதான் நின்னுட்டிருந்தேன், என்னப் பாத்துக் கையக் கையக் காட்டினா உங்கம்மா, என்று திலகவதி சொல்கிறாள், மத்தவ வீட்ல இருந்தா என்று அப்பா சொன்னதைத் தாண்டி, சொல்லச் சொல்ல அமுதா கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.