மீட்புக் கப்பலின் ஒன்பது பேர்

தேநீர் வேளையில் சீதாலெட்சுமி அந்த நீலப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கப்பலடிக்கு வந்தாள். ஏதோ ஓர் அந்நிய நாட்டுக் கடற்படைக் கப்பல். எண்பத்தொன்றில், பெயரைச் சுரண்டி எடுத்து, மலேசியாவின் போர்ட் கிள்ளான் ஆற்றோரப் பட்டறைக்கு உடைப்பதற்காக இழுத்து வந்திருந்தார்கள். பித்தளைச் சாமான்களைப் பட்டியலிடுவது அவள் வேலை. கப்பலோடு வந்த பணி வரலாறுதான் அந்த நீலப் புத்தகம். அதை யாரும் படிக்கச் சொல்லவில்லை. கதைப் புத்தகங்களைப் படிப்பதுபோல அவளாகத்தான் படித்தாள்.

கடலடியில் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு காற்றுப் புகாத இரும்புக் கூண்டொன்றை இறக்கி, உள்ளே சிக்கியவர்களை ஏற்றிவரும் கப்பல் அது. கூண்டு பெரிய மணிபோல மேல்தளத்தில் நின்றது.

“எத்தன பேர தூக்கிட்டு வந்துச்சு சீதா?” என்று கேட்டான் நாகையா. இரும்பு வெட்டுபவன்; குரல் எப்போதும் தணிந்தே வரும்.

இருபத்தாறு வருடப் பயிற்சி, வண்ணப்பூச்சு, பழுதுபார்ப்பு. ஒரே ஒரு முறைதான் உண்மையான அழைப்பு. புயலில் போய்க் கூண்டை இறக்கி, மூழ்கிய கப்பலின் மூடியைத் தட்டினார்கள். உள்ளிருந்து யாரும் பதிலுக்குத் தட்டவில்லை. கடைசிப் பதினோரு வருடம் கூண்டைத் திறக்கவேயில்லை. புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான். தேநீரோடு உட்கார்ந்திருந்த தொழிலாளர்களின் வெயிலில் கறுத்த முகங்களைப் பார்த்தாள். அதை எப்படிச் சொல்வது?

“ஒம்பது பேரு அண்ணே. கடைசியா வந்தவரு ஒரு கால்லதான் பூட்ஸ் போட்டிருந்தாராம்.”

“இன்னொண்ண எடுக்க திரும்ப எறங்குனாரா?” என்றான் கூட வேலை செய்யும் கார்த்திகேசு. எல்லோரும் சிரித்தார்கள். நாகையா மட்டும் எழுந்துபோய்க் கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

எண்ணெய் இல்லாத எந்த மூடிய அறையிலும் இறங்குமுன், பால் டின்னில் கற்பூரம் ஏற்றிக் கம்பியில் கட்டி உள்ளே விடுவார்கள். சாமிக்கும் ஆயிற்று, காற்று இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். சுடர் அணைந்தால் யாரும் இறங்குவதில்லை. மறுநாள் காலை கூண்டருகே கார்த்திகேசு தீக்குச்சியைக் கிழித்தபோது நாகையா கையைத் தடுத்தான்.

“இதுக்குமா? ஒம்பது பேரு மூச்சு விட்ட எடம் லா.”

கூண்டின் மூடியைத் திறந்து இறங்கினான். கார்த்திகேசு இரண்டு முறை கூப்பிட்டான். பிறகுதான் கற்பூரத்தை இறக்கினான். ஒரு முழம் போவதற்குள் சுடர் செத்தது. கயிறு போட்டு வெளியே இழுத்தபோது நாகையாவின் கண்கள் திறந்தே இருந்தன. பூட்டிய அறைக்குள் துரு பதினோரு வருடமாகக் காற்றைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

குடித்துவிட்டு இறங்கினான் என்று வேலையாட்களின் கண்காணியான மண்டோர் விபத்து அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதைத் தட்டச்சு செய்தவளும் சீதாலெட்சுமிதான்.

ஒன்பதாம் நாள் நாகையாவின் மனைவி தங்கமணி அலுவலகத்துக்கு வந்தாள். அவனுடைய சாப்பாட்டுத் தூக்கும், இரும்பு வெட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடியும் மேசைமேல் இருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை.

“குடிச்சிருந்தாருன்னு எங்க கம்பத்துல வீட்டுக்கு வீடு பேசுறாங்க. மவ பொறந்ததுலேர்ந்து அவரு தொட்டதில்ல. கற்பூரம் காட்டாம எறங்குற ஆளா அவரு? நீ சொல்லு.”

சீதாலெட்சுமி தட்டச்சுப் பொறியிலிருந்து கையை எடுத்தாள்.

“குடிக்கல அக்கா. நான்தான்... அந்தக் கூண்டுல ஒம்பது பேரு பொழச்சாங்கன்னு சொன்னேன். அத நம்பித்தான் எறங்குனாரு.”

தங்கமணியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. வெளியே வெட்டுச் சுடரின் சீறல் நின்று, மறுபடி தொடங்கியது.

“அப்ப சரி,” என்றாள். “எங்க வீட்டு ஆளுங்ககிட்ட இதையே சொல்லு. மண்டோர்கிட்டயும் சொல்லு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்த ஒம்பது பேரும் இப்ப அவங்கவங்க வீட்டுலதானே இருப்பாங்க?”

பதில் கேட்பதற்காக மேசையில் இரு கைகளையும் ஊன்றி முன்னால் குனிந்தாள். முகம் மிக அருகில் இருந்தது. அழுது வீங்கிய இமைகளுக்குள் கண்கள், கதை கேட்பவளின் கண்களைப்போல, இமைக்காமல் காத்திருந்தன.