தலைவரின் குரல்

கார்ட்டூன் வில்லன்கள் இருவரும் அதற்குள் நாட்டின் தங்கக் கிடங்கில் கதவிடுக்கு வழியாக நுழைந்துவிட்டிருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டிய கார்ட்டூன் படையோ வீட்டுக் கூடத்தில், டிவிக்கு முன்னால், கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்து நின்றுகொண்டிருந்தது. தலைவரோடு சேர்த்து ஐந்து சிப்பாய்கள், காகிதத் தடிமனில். மகள் போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் அப்பா, கிடங்கு வாசலின் காவல்காரர்.

“பாப்பா, நெட்டையன் தங்கக் கட்டியையெல்லாம் பாய் மாதிரி சுருட்டுறான்டி! சாவித் துவாரத்துல பாத்தேன். சாவியோ எங்க மேலதிகாரி பெரியவர்கிட்ட இருக்கு. தங்கம் போச்சுன்னா ஜெயிலுக்குப் போறது நான்தான். அம்மாவப் பேசச் சொல்லு!”

அம்மாவால்தான் பேச முடியவில்லை. படைத்தலைவருக்கு ஆரம்பத்திலிருந்து டப்பிங் பேசியவள் அவள். மீசை வைத்த அந்த மனிதரின் அதட்டலெல்லாம் அவள் தொண்டையிலிருந்து வந்ததுதான். அந்த வாரம் பாதி வசனத்தில் குரல் போய்விட்டது. டிவி நிலையத்தார் படத்தை ஊமையாகவே ஒளிபரப்பினார்கள். “நில்!” என்று சொல்ல ஆளில்லாததால் வில்லன்கள் திரையின் விளிம்பைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்கள். துரத்தி வந்த படை உத்தரவு வராமல் கூடத்தோடு நின்றுவிட்டது.

மகள் குரலைக் கட்டையாக்கி, “படையே, முன்னேறு!” என்றாள். ஒருவனும் அசையவில்லை. தலைவர் மட்டும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, வெறும் காற்றாகச் சொன்னாள்: “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்வேனேடி!”

ஒலிக்கூடத்தின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிய காலத்தில் மகள் அதைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னால் அம்மா தன்பாட்டுக்கு முணுமுணுப்பாள். ஒலிப்பதிவாளர் அதை வெட்டிவிடுவார். ஊரில் வேறு யாரும் கேட்டதில்லை, சிப்பாய்களைத் தவிர.

“எந்திரிங்கடா கண்ணுங்களா,” என்றாள் மகள். அழுகையும் சேர்ந்து வந்தது. “அப்பா பாவம்டா. போயிட்டு வந்துருங்க.”

ஐவரும் ஜன்னல் கம்பிகளுக்கிடையே பறந்தார்கள். கிடங்குக் கதவின் அடியில் வரிசையாகப் படுத்து, இடுக்கைத் துணி அடைப்பது போல அடைத்தார்கள். வெளியே வர வழியில்லாமல் நெட்டையனும் குட்டையனும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் சாவியோடு வந்து சேர்ந்தார். சுருட்டிய தங்கம் மறுபடி கட்டியாகவில்லை. எடை சரியாக இருந்ததால் இன்றுவரை அதைச் சுருளாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வேலையும் போகவில்லை, பதவி உயர்வும் வரவில்லை.

படை திரைக்குத் திரும்பவில்லை. பீரோவில், இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவே தங்கிவிட்டது. மழையில் நனைந்தால் கொடியில் காயப்போடுவார்கள். பக்கத்து வீட்டக்கா, “உங்க தலைவர் எங்க வீட்டுப் பக்கம் பறந்து வந்துட்டாரு” என்று மடித்துக் கொண்டுவந்து தருவாள். நிலையத்தார் புதிதாக வரைந்த படைக்கு மகள்தான் குரல் கொடுக்கிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்து இப்போது கல்லூரியும் முடியப் போகிறது.

போன வாரம் அம்மாவுக்குக் குரல் திரும்பியது. முதலில் பால்காரனைத் திட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு பீரோவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். திறக்கவில்லை.

“ஏன்டி,” என்றாள், தலைவரின் அதே கட்டைக்குரலில், ஆனால் மெதுவாக. “இப்ப நான் கூப்பிட்டா எந்திரிப்பானுங்களா?”