காய்ந்த எலுமிச்சை இட்ட கறி

குவைத்தில் கணக்கராகப் பணிபுரிவதாகச் சொல்லியிருந்த அன்வர்தீன், விடுமுறையில் சொந்த ஊரான லெப்பைக்குடிகாட்டிற்கு வந்ததும், மாட்டுக்கறியைத் தானே சமைப்பதாக அறிவித்தான். வெந்நீர் வைக்கவும் அறியாமல் விமானம் ஏறியவன் அவன். ஆகவே அவனுடைய மனைவி சபுராவின் மனத்தில் ஐயம் எழுந்தது.

அவன் சின்ன வெங்காயத்தைப் பாராமலே அரிந்தான். ஊர் மிளகாய்த்தூளையும் தேங்காய் விழுதையும் கறியோடு வதக்கினான். பெட்டியிலிருந்து எடுத்த அரபு நாட்டுக் காய்ந்த எலுமிச்சையைக் கத்தியால் குத்தி அதில் இட்டான்.

"குத்திப் போடணும்னு யாரு மச்சான் சொல்லிக் குடுத்தா?"

"அங்க எல்லா வூட்லயும் அப்படித்தான்."

"எல்லா வூட்டு அடுப்படிக்கும் போயிட்டு வந்தீங்களாக்கும்!"

அவன் கறியைக் கிண்டினான். அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றே சபுரா முடிவு செய்தாள். அந்தப் பெண்ணின் முகம்கூட அவளுடைய கற்பனையில் உருவாகிவிட்டது.

அப்போது அன்வர்தீன் உப்பு ஜாடிக்குள் கைவிட்டு, கை நிறைய அள்ளிச் சட்டியில் போட்டான்.

"என்ன மச்சான், ஊருக்கே ஆக்குறீங்களா?"

அவன் திகைத்துத் தன் கையையே பார்த்தான்.

"பழக்கம், புள்ள. லேபர் கேம்ப்புல முந்நூறு பேருக்கு ஆக்குற கை."

"அப்ப கணக்கு எழுதுறது?"

"சமையக்காரன்னு சொன்னா உன்னைப் பெத்த அத்தா எங்கூட வுட்டு வச்சிருப்பாரா?"

சபுரா உப்பு குறையக் கறியில் வெந்நீர் ஊற்றி, உருளைக்கிழங்கை அவனிடம் நகர்த்தினாள்.

"வெட்டுங்க. அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உப்பையும் இனிமே நானே போடுறேன்."